துருப்பிடித்த சைலன்சர் ஜாயின்ட்: எந்தக் குழாய் பிழைக்க வேண்டும்?

11 மே 2024, சனி (கேள்வி)

மினி லாரி வைத்திருக்கிறேன், 9 வயது வண்டி. சைலன்சர் ஓட்டையாகிவிட்டது. புதியதை வாங்கி வைத்துவிட்டேன், பழையதைத்தான் கழற்ற முடியவில்லை. முன்குழாயும் சைலன்சர் குழாயும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இடத்தில் கிளாம்பைக் கழற்றியாயிற்று. குழாய் மயிரிழைகூட நகரவில்லை. பட்டறையில் கேட்டால், "கேஸ் வைத்து அறுத்துவிடலாம், முன்குழாயையும் சேர்த்து மாற்றிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். என் மாமாவோ, "சூடாக்கினால் போதும், வெண்ணெய் போல வந்துவிடும்" என்கிறார். வீட்டு வாசலில் வைத்தே செய்தவர்கள் யாராவது உண்டா?

12 மே 2024, ஞாயிறு காலை (பதில்)

மாமா சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை நம்பினால் முன்குழாய் போய்விடும்.

நான் தூத்துக்குடியில் உப்பு ஏற்றும் குட்டி யானை ஓட்டுகிறேன். உப்பளத்து மண்பாதையில் ஓடும் வண்டிக்கு அடிப்பாகம் என்று ஒன்று மிஞ்சியிருப்பதே ஆச்சரியம். போதாக்குறைக்கு 2023 டிசம்பர் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்ததே, அப்போது வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. மார்ச்சில் சைலன்சரைக் கழற்றப் படுத்தபோது, எங்கே ஒரு குழாய் முடிந்து எங்கே மற்றது தொடங்குகிறது என்பதே தெரியவில்லை.

அந்த ஜாயின்ட்டைப் பிடித்துவைத்திருப்பது இரண்டு. ஒன்று துரு. இரும்பு துருவானால் முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். இரண்டு குழாய்க்கு நடுவே அந்த இடம் ஏது? எனவே அதுவே ஆப்பாகி இறுகிவிடுகிறது. இரண்டாவது, உங்கள் கிளாம்ப். யு போல்ட் கிளாம்பை முடுக்கும்போது அது வெளிக்குழாயை உள்குழாய்க்குள் பள்ளமாக அமுக்கிவிடும். கிளாம்பைக் கழற்றினாலும் பள்ளம் போகாது. விரலால் தடவிப் பாருங்கள், மோதிரம் போலத் தட்டுப்படும். துருவையாவது தீயால் தளர்த்தலாம், அந்தப் பள்ளத்தைத் தீ ஒன்றும் செய்யாது. மாமாவின் வெண்ணெய் இங்கேதான் கல்லாகிறது.

ஆகவே சுத்தியலை எடுக்கும் முன் ஒரு கேள்வி. இரண்டில் எந்தக் குழாய் பிழைக்க வேண்டும்? உங்கள் சைலன்சர் எப்படியும் காயலான் கடைக்குப் போகிற சாமான். அதன் குழாய் வெளியே இருந்தால் அதைக் கழற்றவே வேண்டாம், கீறிப் பிளந்துவிடுங்கள். இதைக் கண்டுபிடிக்க நான் மார்ச் மாதத்து ஒரு ஞாயிறு முழுவதையும் செலவழித்தேன். காலை 7 மணியிலிருந்து மாலை 4 வரை, குப்பைக்குப் போகிற குழாய்க்கு நான் காட்டிய மரியாதை கொஞ்சநஞ்சமல்ல.

12 மே, இரவு

முதலில் சொல்லியிருக்க வேண்டியதை மறந்துவிட்டேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள், பின் சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள், கழற்றிய ஸ்டெப்னியை உங்கள் விலாப்பக்கம் படுக்கப் போடுங்கள். குழாயை உலுக்குகிற வேலை இது. உலுக்கினால் வண்டியும் ஆடும். மார்ச்சில் என் ஜாக்கி அரை அங்குலம் சரிந்தது. ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்துத் தட்டும்போது துரு நேரே கண்ணில்தான் விழும்.

13 மே 2024, திங்கள்

டீசல் ஊற்றி ஊற வைத்தால் வருமா என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். போல்ட்டுக்கு வரும், குழாய்க்கு வராது.

மரையில் எண்ணெய் இறங்க வழி இருக்கிறது. முந்தின இரவும் மறுநாள் காலையும் விட்டுத் தட்டிக்கொண்டே இருந்தால் இறங்கும். ஒன்றுக்குள் ஒன்று இரண்டு அங்குலம் நுழைந்த குழாயில், வாயோரத்தில் கொஞ்சம் நனையும், அவ்வளவுதான். உள்ளே துரு அடைத்துக்கொண்டிருக்கிறதே. ஒரு டப்பா துரு எண்ணெயைக் காலி செய்தவன் சொல்கிறேன். அதில் முக்கால் பங்கு என் சட்டைக்குப் போனது.

இன்னொன்று. எண்ணெய் விட்ட இடத்தில் தீயைக் காட்டாதீர்கள். ஒன்று எண்ணெய் வைத்தியம், அல்லது தீ வைத்தியம். இரண்டும் வேண்டுமென்றால் தீ முதலில், நன்றாக ஆறிய பிறகு எண்ணெய். டீசல் குழாய், பிரேக் குழாய், ஒயர், ரப்பர் எல்லாம் ஒரு சாண் தூரத்தில் இருக்கின்றன. நனைத்த சாக்கும் ஒரு வாளி மணலும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

14 மே 2024, செவ்வாய்

"சூடாக்கினால் எவ்வளவுதான் விரியும்" என்று கேட்டவருக்கு, அரை மில்லிமீட்டராவது விரியும் என்று நேற்று இரவு பதில் போட்டிருந்தேன். தவறு. பாலிடெக்னிக் படிக்கும் மகன் பார்த்துவிட்டுச் சிரித்தான். இரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.012 மில்லிமீட்டர்தான் விரியுமாம். 50 மில்லிமீட்டர் குழாயை 300 டிகிரி ஏற்றினால் விட்டம் 0.18 மில்லிமீட்டர் கூடும். இரண்டு தாள் கனம்.

அதுவும் வெளிக்குழாய் மட்டும் சூடானால்தான். மெதுவாகக் காட்டிக்கொண்டே இருந்தால் உள்குழாயும் சூடேறி, இரண்டும் சேர்ந்து விரிந்து, இடைவெளி பழையபடி பூஜ்ஜியம். ஆகவே பெரிய தீ, குறைந்த நேரம், வெளிக்குழாயில் மட்டும், சுற்றிச் சுற்றி. கையளவு கேஸ் குப்பியில் மாட்டும் டார்ச்சால் இது சிரமம். எனக்குச் சிவக்கவே இல்லை. பட்டறைக்காரர் கேஸ் டார்ச்சில் ஒரு நிமிடத்தில் செய்வதை நாம் கால் மணி நேரம் செய்து உள்குழாயையும் வேக வைக்கிறோம்.

அப்படியானால் தீயால் பயனே இல்லையா? இருக்கிறது. சூடேறி ஆறும்போது துரு நொறுங்குகிறது. நான் பார்த்தவரை வேலை நடப்பது விரிவதால் அல்ல, இந்த நொறுங்குவதால். இரண்டு மூன்று தடவை சூடாக்கி ஆற விடுங்கள்.

16 மே 2024, வியாழன்

நான் "கிரைண்டரால் கீறுங்கள்" என்று பதிலில் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அண்ணாச்சி, டேபிள் டாப்பா, டில்டிங்கா?" என்று கேட்டிருக்கிறார். மாவரைக்கிற கிரைண்டர் அல்ல ஐயா. 4 அங்குல வட்டு மாட்டும் கை கிரைண்டர், இரும்பு அறுக்கிற மெல்லிய வட்டோடு. வீட்டில் இதைப் படித்துக் காட்டினேன். "அதையும் வண்டிக்கு அடியில் கொண்டுபோகிற ஆள்தானே நீங்கள்" என்றாள்.

கீறும் விதம்: வெளிக்குழாயின் வாயிலிருந்து நீளவாக்கில், உள்குழாய் முடிகிற இடம் வரை ஒரே கோடு. சைலன்சர் குழாய்த் தகடு பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். ஒரே அழுத்தாக அழுத்தாமல் பட்டும் படாமலும் பல முறை இழுங்கள். முதலில் வெள்ளியாகப் பளபளக்கும் கோடு ஓடும். பிறகு ஓரிடத்தில் கோட்டின் நடுவே காபித்தூள் போலப் பழுப்பு கசியும். இரண்டு குழாய்க்கும் நடுவிலிருந்த துரு அது. அங்கே நிறுத்திவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். கோடு முழுவதும் பழுப்பானதும் ஒரு வெட்டுளியைக் கீறலில் இறக்கித் திருகினால் குழாய் உதடு பிரிந்ததுபோல விலகும். கிளாம்ப் பள்ளம் விழுந்த இடத்தில் மட்டும் கீறல் ஆழமாகப் போக வேண்டும், ஏனென்றால் அங்கே வெளித்தகடு உள்ளே அமுங்கிக் கிடக்கிறது. அங்கே உள்குழாயில் சற்றுக் கோடு விழத்தான் செய்யும். புதுக்குழாய் மேலே ஏறி அதை மூடிவிடும், கவலைப்படாதீர்கள்.

18 மே 2024, சனி

இன்று மைத்துனர் வண்டி. அவருக்கும் அதே நோய், அதே வெள்ளம். கத்திரி வெயிலுக்கு நடுவே மழை பெய்து தரை குளிர்ந்திருந்தது. படுக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது. மாமா கட்சியையும் ஒரு முறை சோதித்துவிடலாம் என்று கீறாமல் கழற்ற முயன்றோம்.

கேஸ் டார்ச்சை ஒரு நண்பரின் பட்டறையிலிருந்து, ஆளோடு சேர்த்துக் கடன் வாங்கினோம். வெளிக்குழாய் மங்கலாகச் சிவக்கும் வரை காட்டி, தீயை எடுத்துவிட்டுச் சிவப்பு அடங்கக் காத்திருந்து, மூட்டின் வாயில் மெழுகுவர்த்தியை வைத்துச் சுற்றித் தேய்த்தோம். பழைய மெக்கானிக்குகள் செய்வது இது. மெழுகு உருகித் தண்ணீராகி, சூடு இழுக்கும் பக்கம் ஓடும். எண்ணெய் போகாத இடுக்கில் மெழுகு போவதைக் கண்ணால் பார்த்தேன். வாயோரத்தில் பளபளவென்று தேங்கியது, ஒரு நொடியில் உறிஞ்சப்பட்டு மறைந்தது, புகை மட்டும் வந்தது. சிவந்திருக்கும்போதே வைத்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும், பார்த்துச் செய்யுங்கள்.

அந்த மெழுகுவர்த்தி பனிமய மாதா திருவிழாவுக்கு வாங்கி மிச்சமிருந்தது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

மூன்று முறை சூடு, மூன்று முறை மெழுகு. பிறகு பைப் ரெஞ்சைப் போட்டு மைத்துனர் திருப்பினார். கிரீச்சென்று ஒரு சத்தம். குழாய் நூலளவு திரும்பியது. அந்தச் சத்தத்துக்காக ஒரு டீ சாப்பிடலாம், சாப்பிட்டோம். அப்புறம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பித் திருப்பி, அரை மணி நேரத்தில் கையோடு வந்தது.

19 மே 2024, ஞாயிறு

நேற்றைய குறிப்பை இன்று படித்தால் மெழுகுவர்த்திக்குக் கோயில் கட்டியதுபோல இருக்கிறது. கொஞ்சம் இறக்குகிறேன்.

மைத்துனர் சொல்வது: "அத்தான், மெழுகும் இல்லை, தீயும் இல்லை. நீங்கள் மார்ச்சில் இழுத்தீர்கள், நான் திருப்பினேன். அதுதான் வித்தியாசம்." யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது. மார்ச்சில் நான் பின்னாலிருந்து சைலன்சரைச் சுத்தியலால் அடித்துக்கொண்டே இருந்தேன். அடித்தால் குழாய் நெளியும். நெளிந்தால் இன்னும் இறுகும். திருப்பினால் துருப்படலம் முழுவதும் ஒரே நேரத்தில் அறுகிறது. நீளமான குழாய்க்கு சைலன்சரே கைப்பிடி. சைலன்சரைத் தாங்கும் ரப்பர்களை முதலில் கழற்றிவிட்டு (சோப்புத் தண்ணீர் விட்டால் வழுக்கிக்கொண்டு வரும்) சைலன்சர் உடம்பைப் பிடித்து ஆட்டுங்கள்.

ஆனால் அவர் வண்டியில் யு போல்ட் இல்லை, பட்டையான கிளாம்ப். பள்ளமே விழவில்லை. இதை நேற்றே எழுதியிருக்க வேண்டும். பள்ளம் இருந்திருந்தால் எந்தக் கொம்பனும் திருப்பியிருக்க முடியாது. ஆகக் கணக்கு இதுதான்: பள்ளம் இல்லாவிட்டால் மாமா வழி, இருந்தால் கிரைண்டர் வழி.

21 மே 2024, செவ்வாய்

கேள்வி கேட்ட தம்பி படம் அனுப்பியிருக்கிறார். நான் இவ்வளவு நேரம் பேசியது அவருக்குப் பொருந்தாது! அவர் வண்டியில் முன்குழாய்தான் வெளியே, சைலன்சர் குழாய் உள்ளே. கீறினால் பிழைக்க வேண்டிய குழாய் சாகும். கிரைண்டரை எடுத்திருந்தால் என்னைத் தேடி வந்திருப்பார்.

தம்பி, இப்படிச் செய்யுங்கள். சைலன்சர் குழாயை மூட்டுக்கு இரண்டு அங்குலம் பின்னால் குறுக்கே அறுத்து சைலன்சரை எடுத்துவிடுங்கள். இப்போது முன்குழாய்க்குள் ஒரு துண்டு மட்டும் மிச்சம். அந்தத் துண்டின் உட்சுவரை, ஹேக்ஸா பிளேடை மட்டும் துணி சுற்றிக் கையில் பிடித்து, நீளவாக்கில் அறுங்கள். விரற்கடை தள்ளி இன்னொரு கோடு. கை வலிக்கும், ஒரு மணி நேரம் ஆகும், குறைந்தது மூன்று பிளேடு போகும். வேறு வழி இல்லை, கிரைண்டர் உள்ளே நுழையாது. இரண்டு கோட்டுக்கும் நடுவிலுள்ள பட்டையை உளியால் உள்பக்கம் மடக்கிப் பிடுங்கிவிட்டால் மீதித் துண்டு இறுக்கம் விட்டுவிடும். இடுக்கியால் சுருட்டி எடுக்கலாம். இரும்புத் தூள் முன்னே உருண்டுபோகாமல் ஒரு பழந்துணியை உள்ளே அடைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் அந்தத் துணியை எடுக்க மறக்காதீர்கள். மறந்தவன் பெயரைச் சொல்ல மாட்டேன். வண்டி ஸ்டார்ட் ஆனதும் நின்றது, அவ்வளவுதான்.

26 மே 2024, ஞாயிறு

தம்பிக்கு வந்துவிட்டது. இரண்டரை மணி நேரமாம், நான்கு பிளேடாம். மாமா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்து, "நான் சொன்னதுபோலச் சூடாக்கியிருந்தால்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

ஃபிளாஞ்ச் ஜாயின்ட்டைப் (இரண்டு குழாயின் விளிம்புத் தகடுகளை ஒன்றோடொன்று வைத்து நட்டால் முடுக்கும் ஜாயின்ட்) பற்றிக் கேட்டவர்களுக்கு: அது வேறு கதை. அங்கே குழாய் ஒட்டுவதில்லை, ஸ்டட்டும் (தலையில்லாத போல்ட்) நட்டும்தான் ஒட்டும். நட்டைத் தளர்த்தும் முன் ஒரு நூல் முடுக்கப் பாருங்கள். துருவின் பிடி அறுந்தால் பிறகு இரண்டு பக்கமும் வரும். அதற்கு மேல் முடுக்கினால் முறியும். நட்டின் மூலைகள் துருவில் கரைந்திருந்தால் 13-ஆம் நம்பர் ஸ்பேனர் சுழலும். அப்போது ஒரு நம்பர் சிறிய பாக்ஸ் ஸ்பேனரை மேலே வைத்துச் சுத்தியலால் அடித்து ஏற்றுங்கள். அதுவும் வழுக்கினால் நட்டை உளியால் பிளந்துவிடுங்கள். நட்டு ஐந்து ரூபாய், ஸ்டட் போனால் அரை நாள்.

எனக்கு ஸ்டட் போனது. மானிஃபோல்டு (எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் முதல் குழாய்) பக்கம், வெளியே அரை அங்குலம் மட்டும் நீட்டிக்கொண்டு முறிந்தது. துளையிட்டு எடுக்கலாம் என்று ஆரம்பித்தேன், துரப்பணம் சாய்ந்துவிட்டது, அங்கேயே நிறுத்தியது நான் அன்று செய்த ஒரே புத்திசாலித்தனம். வெல்டிங்காரர் வந்து மிச்சத்தின் மேல் ஒரு புது நட்டை வைத்து, நடுத்துளையில் வெல்டிங்கை நிரப்பி, சிவப்பு அடங்கியதும் ஸ்பேனர் போட்டார். வந்துவிட்டது. வெல்டிங் சூடு ஸ்டட்டின் உடம்புக்குள்ளேயே இறங்குவதால் துரு அங்கே நொறுங்குகிறது. 350 ரூபாய் வாங்கினார், 500 கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும்.

ஃபிளாஞ்சுக்கு நடுவே இருக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்டுங்கள். அந்தக் காலத்துக் கேஸ்கெட்டில் கல்நார் இருக்கும், அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது.

2 ஜூன் 2024, ஞாயிறு

ஒருவர் பிஎஸ் 6 வண்டியை (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தது) வைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்யப் போவதாக எழுதியிருக்கிறார். வேண்டாம். அந்த வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் பெட்டிக்குள் பீங்கான் தேன்கூடு போல ஒன்று இருக்கிறது. ஒரு சுத்தியல் அடியில் அது சல்லியாகும், விலை கேட்டால் வண்டியையே விற்கத் தோன்றும். குழாயிலேயே சென்சார்களும் உண்டு. நான் எழுதியதெல்லாம் வெறும் குழாயும் தகரப் பெட்டியுமாக இருக்கிற பழைய வண்டிகளுக்கு.

8 டிசம்பர் 2024, ஞாயிறு

மழைக்காலம், உப்பளத்தில் வேலை இல்லை, வண்டிக்கு அடியில் படுக்க நேரம் இருக்கிறது. மார்ச்சில் மாட்டிய சைலன்சரைப் பார்த்தேன். வெளியே துரு, எதிர்பார்த்ததுதான். தட்டினால் உள்ளே சளசளவென்று தண்ணீர்.

மழைத் தண்ணீர் இல்லை அது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. தூரம் ஓடினால் சூட்டில் வெளியே போய்விடும். மழைக்காலத்தில் வீட்டிலிருந்து சந்தைக்கும் சந்தையிலிருந்து வீட்டுக்கும் மட்டும் ஓடினால் சைலன்சர் சூடேறுவதே இல்லை, ஆவி உள்ளேயே குளிர்ந்து தேங்கும். வெளியிலிருந்து உப்பு, உள்ளேயிருந்து தண்ணீர். நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் தகடு என்ன செய்யும்? வாரம் ஒரு முறை திருநெல்வேலி வரை ஓட்டிவிட்டு வரலாம் என்று நினைத்திருக்கிறேன். வீட்டில் அல்வாவுக்காக என்று நினைக்கிறார்கள்.

17 ஆகஸ்டு 2025, ஞாயிறு

இந்தப் பேச்சை மறந்தே போயிருந்தேன், நேற்று நினைவுபடுத்திவிட்டார்கள்.

போன வருஷம் மார்ச்சில் மாட்டும்போது, இனி எந்தக் காலத்திலும் பிடித்துக்கொள்ளக் கூடாது என்ற வைராக்கியத்தில், செம்புத் தூள் கலந்த கிரீஸை உள்குழாயில் வெண்ணெய் தடவுவதுபோலத் தடவினேன். ஃபிளாஞ்சுக்குப் பித்தளை நட்டு போட்டேன். பித்தளை இரும்போடு ஒட்டிக்கொள்ளாது, அது நன்றாகவே இருக்கிறது. யு போல்ட்டுக்குப் பதில் பட்டைக் கிளாம்ப், பள்ளம் விழக் கூடாதே என்று மெதுவாக முடுக்கினேன். மறுமுறை முடுக்கவே இல்லை.

நேற்று வாகைக்குளம் தாண்டி 2 டன்... இல்லை, அவ்வளவு ஏற்றக் கூடாது, ஏற்றவும் இல்லை. ஒரு டன்னுக்கும் குறைவான உப்போடு போய்க்கொண்டிருந்தபோது வண்டி திடீரென்று டிராக்டர் போல முழங்கியது. கண்ணாடியில் பார்த்தால் என் சைலன்சர் ரப்பரில் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு, மறுபக்கம் தார்ச்சாலையில் தீப்பொறி கிளப்பிக்கொண்டு வருகிறது. ஓரம் கட்டி, நனைத்த உப்புச் சாக்கால் பிடித்துத் தூக்கினேன். குழாயின் வாயில் துரு ஒரு துளி இல்லை, செம்பு நிறம் மினுமினுத்தது. கழற்றுவதற்கு ஒரு ஞாயிறு முழுவதையும் தின்ற ஜாயின்ட், இந்த முறை யாரும் தொடாமலே கழன்றுவிட்டது.

மைத்துனருக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அத்தான், வெண்ணெய் போல வந்துவிட்டதா?" என்றார்.

கிரீஸ் மெல்லிய பூச்சு போதும். கிளாம்பை மாட்டிய அன்றே ஒரு 20 கிலோமீட்டர் ஓட்டி, ஆற விட்டு, இன்னொரு முறை முடுக்குங்கள்.